பனியும் சூடும்: ஹை-பவர் எல்.ஈ.டியை ஹீட்சிங்கில் இன்சுலேஷனோடு பொருத்தும் முறை

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் கேரட் கழுவும் கொட்டகை ஒன்றுக்கு ஒரு லைட் செய்து கொடுத்திருந்தேன். 3 வாட் எல்.ஈ.டி ஒன்பது, ஹீட்சிங்காக, அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடுவதற்காக வைத்த ஓர் அலுமினியச் சட்டத்தில் வரிசையாக. அங்கே விடியற்காலை மூன்று மணிக்கே வேலை தொடங்கிவிடும். லொறி வருவதற்குள் கழுவி, மூட்டை கட்டி முடிக்க வேண்டும். இரண்டு கிழமை நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் கொட்டகைக்கார அண்ணனிடமிருந்து போன்: "தம்பி, ஒங்க லைட்டு முன்பல்லு ரெண்டு விழுந்த கெழவி மாதிரி நிக்குது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால், நாலாவதும் ஐந்தாவதும் அணைந்து கிடக்க, மற்ற ஏழும் ஒரு குறையும் இல்லாமல் எரிகின்றன. தொடர் இணைப்பில் ஓர் எல்.ஈ.டி செத்துப் போனால், பெரும்பாலும் முழு வரிசையும் அணைந்துவிடும். இரண்டு மட்டும் அணைந்திருக்கிறது என்றால் கரண்ட் அவற்றைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தேன். நாலாவது எல்.ஈ.டியின் திருகாணித் தலை, பக்கத்தில் இருந்த பிளஸ் சால்டர் பொட்டில் உரசிக்கொண்டிருந்தது. ஆறாவதிலும் அதே கதை. இரண்டு திருகாணியும் ஒரே அலுமினியத்தில்தான் இறங்கியிருக்கின்றன. நாலின் பிளஸ்ஸிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து ஆறின் பிளஸ்ஸுக்கு கரண்ட் குறுக்கு வழியில் ஓடிவிட்டது. நடுவில் நின்ற இரண்டுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னை உறுத்தியது அந்த இரண்டாவது உரசல் இல்லை. முதல் உரசல் நான் செய்து கொடுத்த நாளிலேயே இருந்திருக்க வேண்டும். அப்போது வெளியே எதுவும் தெரியவில்லை. ஓரிடத்தில் மட்டும் தொட்டால் எல்.ஈ.டி வழக்கம்போல எரியும், ஆனால் முழு ஹீட்சிங்கும் அந்த வரிசையின் மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். ஈரக் கையோடு நாலு பேர் அதன் கீழே நிற்கிறார்கள். எல்.ஈ.டிக்கு ஏற்ற கரண்டைக் கொடுக்கும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். நான் போட்டிருந்தது 230 வோல்ட்டோடு கம்பித் தொடர்பு இல்லாத, தனிமைப்படுத்திய டிரைவர் என்பதால் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. மலிவு டிரைவர் ஒன்றைப் போட்டிருந்தால் கதையே வேறு.

சூட்டைப் பொறுத்தவரை மலைநாட்டுக் குளிர் நம் பக்கம் நிற்கிறது. ஈரமும் பனிமூட்டமும் எதிர்ப்பக்கம். இங்கே ஹீட்சிங்க் கொஞ்சம் சிறிதாக இருந்தாலும் சமாளிக்கலாம். இன்சுலேஷனில் கஞ்சத்தனம் காட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் "காவலி" என்று படித்தோமே, அந்தப் பெயருக்கு அது உண்மையாக இருக்க வேண்டும்.

உங்கள் எல்.ஈ.டி எந்த இனம்?

கடையில் "ஹை-பவர் எல்.ஈ.டி" என்று ஒரே பெயரில் கொடுப்பது உண்மையில் நாலைந்து வகை. பொருத்தும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதலாவது, வெறும் மணி. பக்கவாட்டில் இரண்டு கால், அடியில் ஓர் உலோகக் குமிழ். அந்தக் குமிழ் சூட்டை இறக்குவதற்காக இருக்கிறது. பல மலிவு மணிகளில் அது பிளஸ் காலோடோ மைனஸ் காலோடோ உள்ளே இணைந்திருக்கும். அப்படிப்பட்ட மணியை நேராக அலுமினியத்தில் வைத்தால், சூடு கடப்பதற்காக நடுவில் தடவும் பேஸ்ட் மட்டும் மின்சாரத்தைத் தடுக்காது.

இரண்டாவது, அதே மணி 20 மி.மீ. அகல நட்சத்திர வடிவத் தட்டில் ஏற்றியது. கடைக்காரர்கள் ஸ்டார் என்பார்கள். தட்டு அலுமினியம், அதன்மேல் ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் ஒரு காவலிப் படலம், அதற்கு மேலே செம்புத் தடங்கள். சாதாரண வேலைக்கு இந்தப் படலமே போதும். ஆனால் "செம்பு ஸ்டார், நேரடி வெப்பப் பாதை" என்று கூடுதல் விலைக்கு வருவதில், சூட்டுப் பொட்டின் கீழே அந்தப் படலம் கிடையாது. எல்.ஈ.டியின் சூட்டுப் பொட்டு மின்சாரம் இல்லாததாக இருந்தால் மட்டும் அது பாதுகாப்பு.

மூன்றாவது, சி.ஓ.பி. பல எல்.ஈ.டிச் சில்லுகளை ஒன்றாகப் பதித்த, மஞ்சள் வட்டமோ சதுரமோ உள்ள ஒரே தட்டு, 10, 20, 50, 100 வாட் என்று. 10 வாட்டுக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 வோல்ட். 20 வாட்டிலிருந்து மேலே 30 முதல் 36 வோல்ட்.

நாலாவது வகைக்கு டிரைவரே தேவையில்லை, நேராக 230 வோல்ட்டில் மாட்டலாம் என்று விற்பார்கள். அதில் எல்.ஈ.டி, சால்டர் பொட்டு எல்லாமே வீட்டுக் கரண்டில் இருக்கும். மெல்லிய படலம் ஒன்றுதான் அதற்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே. ஈரக் கொட்டகைக்கும் கோழிக் கூண்டுக்கும் லயத்து இஸ்தோப்புக்கும் இந்தச் சாமானை நான் போட மாட்டேன்.

இனத்தைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். டயோட் ரேஞ்சில் வைத்து ஒரு முனையைப் பிளஸ் காலிலும் மற்றதை அடி உலோகத்திலும் வையுங்கள். பிறகு முனைகளை மாற்றிப் பிடியுங்கள். மைனஸ் காலுக்கும் அப்படியே. நாலு தடவையும் "ஓ.எல்", அதாவது இணைப்பு இல்லை, என்று காட்ட வேண்டும். எங்காவது பூச்சியத்துக்குக் கிட்டத்தட்ட வந்தாலோ எல்.ஈ.டி லேசாக மினுங்கினாலோ, அடிப்பாகம் மின்சாரத்தோடு இணைந்தது. அலுமினியத்தின் மேல் ஆக்சைட் படிந்திருக்கும், மீட்டர் முனையைக் கொஞ்சம் அழுத்திக் கீறி வையுங்கள். பத்து வாங்கினால் பத்தையும் பாருங்கள். ஒரே பொதியில் இரண்டு விதம் வந்து நான் பட்டிருக்கிறேன்.

டிரைவர்

எல்.ஈ.டி டிரைவர் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே ட்ரான்ஸ்போமர் இருக்கும், வெளிவரும் கரண்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் கம்பித் தொடர்பு இருக்காது. மற்றதில் ஒரு சுருள் மட்டும் இருக்கும். மீட்டரில் வெளியீடு 30 வோல்ட் என்று காட்டினாலும், மைனஸ் கம்பியைத் தொட்டால் 230 வோல்ட் அடிக்கும்.

உலோக ஹீட்சிங்கில் கை படக்கூடிய எந்த லைட்டுக்கும் முதல் வகைதான். பெட்டியில் ஒன்றோடொன்று கோத்த இரண்டு வட்டக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறக்க முடிந்தால், பலகையின் குறுக்கே வெறுமையாக ஒரு வெட்டோ அகலமான இடைவெளியோ இருக்கும். அதைத் தாண்டி நிற்பவை ட்ரான்ஸ்போமரும் நாலு கால் ஒப்டோகப்ளரும், சில நேரம் ஒரு நீலக் கெப்பாசிட்டரும் மட்டுமே. பிளக்கைக் கழற்றி, உள்ளீட்டுக் கால்களுக்கும் வெளியீட்டு மைனஸ்ஸுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். டயோட் அளவு ஏதாவது காட்டினால் அது தனிமைப்படுத்தாத டிரைவர், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வோல்ட் கணக்கு எளிது. வெள்ளை எல்.ஈ.டி ஒன்றுக்கு 3 முதல் 3.6 வோல்ட். ஒன்பதுக்கு ஏறக்குறைய 30. நான் 600 மில்லி ஆம்பியர் டிரைவர் போட்டேன். 3 வாட் மணிக்கு 700 கொடுக்கலாம் என்பார்கள், மலிவு மணியை அதன் உச்சத்தில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆயுளில் தெரியும்.

எந்தத் தாள்?

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சூடு கடக்க வேண்டும், மின்சாரம் கடக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் பொருட்கள் கொஞ்சம்தான்.

பழைய ரேடியோ, ஆம்ப்ளிபயர் திருத்துகிறவர்களுக்கு மைக்கா தெரியும். 2N3055 போன்ற பெரிய ட்ரான்சிஸ்டரில் உலோகக் கூடே கலெக்டர் என்ற மின்முனைதான், அதனால் அதன் அடியில் மைக்காத் தகடும் திருகாணியைச் சுற்றி நைலோன் புஷ் என்ற சிறு குழலும் போட்டே பொருத்துவார்கள். நமக்கும் அதே வித்தைதான். மைக்கா தாங்காத சூடு நம் வேலையில் வராது. மெல்லியதாக உரிக்கலாம், விலையும் குறைவு. குறை ஒன்று: இரண்டு பக்கமும் பேஸ்ட் வேண்டும், மடித்தால் வெடிக்கும்.

சிலிக்கோன் பேட் சாம்பல், இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறங்களில் வரும். மெத்தென்று இருப்பதால் பேஸ்ட் வேண்டாம், மேடுபள்ளத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். கனம் கூடக் கூடச் சூடு கடப்பது குறையும். கெப்டன் என்ற செம்மஞ்சள் டேப் மின்சாரத்தைத் தடுப்பதில் கெட்டிக்காரன், சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினா என்ற வெள்ளைப் பீங்கான் தகடு இரண்டிலும் முதலிடம். ஆனால் கீழே விழுந்தாலோ திருகாணி கோணலாக இறுகினாலோ உடையும்.

எண்களோடு பார்த்தால் பல பயங்கள் போய்விடும். 50 வாட் சி.ஓ.பி ஒன்று, அடித்தட்டு 4 சென்றிமீட்டர் சதுரம் என்று வையுங்கள். கரண்டில் 70 சதவீதம் சூடாகும் என்று எடுத்தால் 35 வாட் சூடு அந்தத் தாளைக் கடக்க வேண்டும். 0.05 மி.மீ. மைக்காவும் இரண்டு பக்கம் மெல்லிய பேஸ்ட்டும் போட்டால் தாளின் மேலுக்கும் கீழுக்கும் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ் வித்தியாசம். ஒரு மி.மீ. அலுமினாவும் பேஸ்ட்டும் 3 பாகை. அரை மி.மீ. சாதாரண சிலிக்கோன் பேட் 7 பாகை. பசையோடு சேர்த்து 0.05 மி.மீ. கனமுள்ள கெப்டன் 9 பாகை. பேஸ்ட் தடவாமல் விட்டு, 0.05 மி.மீ. காற்று இடைவெளி முழுப் பரப்பிலும் நின்றால்? 42 பாகை. சரியான காவலித் தாள் எல்.ஈ.டியைக் கொல்வதில்லை. கொல்வது காற்று.

என் கேரட் கொட்டகை லைட்டில் ஓர் எல்.ஈ.டிக்கு 1.3 வாட் சூடுதான். கெப்டனே போட்டாலும் ஸ்டாரின் அடியில் ஏறுவது 2 பாகைக்கும் குறைவு. "இன்சுலேஷன் போட்டால் சூடு ஏறி எரிந்து போகும்" என்று முன்பு நானும் பயந்தவன்தான். அந்தப் பயத்தில்தான் முதல் லைட்டில் இரண்டாவது தாள் போடாமல் விட்டேன்.

அலுமினியத்தின் கறுப்பு அனோடைஸ் பூச்சும் மின்சாரம் கடத்தாதுதானே என்று கேட்பார்கள். கடத்தாது, கீறல் விழும்வரை. துளை போட்ட இடத்தில் பிசிறு ஒன்று நின்றால் பூச்சு இருந்தும் பயன் இல்லை. அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

எப்போது கூடுதல் தாள் தேவை? அலுமினிய ஸ்டார், அடிப்பாகத்தில் மின்சாரம் இல்லை, தனிமைப்படுத்திய டிரைவர், 60 வோல்ட்டுக்குக் குறைவு, காய்ந்த அறை: பேஸ்ட் மட்டும் போதும். இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் தாள் போடுங்கள். கொட்டகை, வாசல், கோவில் முகப்பு, பொலித்தீன் கூடாரம் என்றால் நான் கேள்வியே கேட்காமல் போட்டுவிடுகிறேன்.

ஹீட்சிங்கும் நம் காற்றும்

விசிறி இல்லாத லைட்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு வாட் சூட்டுக்குக் காற்றுப்படும் பரப்பு 60 சதுர சென்றிமீட்டர். எங்கள் ஒன்பது எல்.ஈ.டிக்கு 12 வாட் சூடு, ஆக 720. அலுமினிய ஜன்னல் வேலை செய்கிற கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைத்தது. 75 மி.மீ. அகலம், இரண்டு ஓரமும் 25 மி.மீ. மடிப்பு, 40 சென்றிமீட்டர் நீளம். உள்ளும் வெளியும் சேர்த்தால் 1000 சதுர சென்றிமீட்டர். தாராளம்.

உயரத்தில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெல்லியது, அதனால் தானாக எழும் காற்றோட்டம் அள்ளிச் செல்லும் சூடு பத்தில் ஒரு பங்களவு குறையும். ஆனால் அங்கே ஆண்டுச் சராசரி 16 பாகைக்குக் கிட்ட, கொழும்பில் 27க்கு மேல். பத்துப் பாகைக்கு மேல் இலவசமாகக் கிடைப்பதால் காற்று மெல்லியதால் வரும் நட்டம் அடிபட்டுப் போகிறது. கொட்டகையில் அளந்தபோது வெளியே 13 பாகை. ஒரு மணி நேரம் எரிந்த பிறகு சட்டம் 33. அதே லைட்டை கொழும்பில் மாட்டினால் ஐம்பதை நெருங்கும்.

செட்டைகள் மேலும் கீழுமாக நிற்கும்படி மாட்டுங்கள், காற்று ஏறட்டும். பலகையில் ஒட்டி வைத்தால் பாதிப் பரப்பு வீண்.

உலோக வேலை

எல்.ஈ.டி உட்காரும் இடம் தட்டையாக இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் 400 இலக்க மண்தாளை விரித்து, அதன்மேல் அலுமினியத்தை எட்டு போட்டுத் தேய்த்து, பிறகு 600இல் முடியுங்கள். நீளச் சட்டத்தைத் தேய்க்க முடியாது என்றால் மண்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, உட்காரும் இடத்தை மட்டும் தேயுங்கள். கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டாம், மேடு இல்லாமல் இருந்தால் சரி.

எம்3 திருகாணிக்கு மரை போடுவதானால் 2.5 மி.மீ. துளை. முதலில் ஸ்டாரை வைத்துப் பென்சிலால் குறித்து, சென்டர் பஞ்ச் உளியால் ஒரு குழி தட்டுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும். துளையிட்ட பிறகு பிசிறு எடுப்பதில்தான் அவசரக்காரர்கள் கோட்டை விடுவார்கள். 6 மி.மீ. பிட் ஒன்றைக் கையாலேயே துளையின் வாயில் வைத்து நாலு சுற்றுச் சுற்றினால் வாய் லேசாகச் சரிந்து வரும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். விரலில் குத்துகிற பிசிறு மைக்காவிலும் குத்தும். பக்கத்துத் துளையில் வேலை செய்யும்போது விழுகிற சுருள் தூள் ஒன்றே ஒன்று தாளின் அடியில் சிக்கினாலும் எல்லாம் வீண். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, புதுத் துணியால் இன்னொரு தடவை துடையுங்கள்.

சால்டர் முதலில், பொருத்துவது பிறகு

ஸ்டாரை ஹீட்சிங்கில் இறுக்கிய பிறகு கம்பி சால்டர் பண்ணப் போனால் சூடு முழுவதையும் சட்டம் உறிஞ்சிவிடும். சால்டர் மணி மணியாக உருண்டு நிற்கும், பிடிக்காது. கோபத்தில் அயனை அழுத்தி அழுத்தியே எல்.ஈ.டியைக் கொன்றுவிடுவோம். பொருத்துவதற்கு முன்பே ஸ்டாரைக் காய்ந்த மரப்பலகையில் வைத்து, 60 வாட் அயனால் பொட்டுகளில் ஈயம் ஏற்றி, கம்பியையும் சால்டர் பண்ணிவிடுங்கள். பொட்டு தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். என் திருகாணி உரசியது உயரமாக நின்ற ஒரு பொட்டில்தான். கம்பியின் வெறும் முனை பொட்டைத் தாண்டி வெளியே நீளக் கூடாது.

பொருத்துதல்

தாளை ஸ்டாரைவிட எல்லாப் பக்கமும் 3 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். 20 மி.மீ. ஸ்டாருக்கு 26 மி.மீ. வட்டம். பனி படிந்து சொட்டுத் தண்ணீர் நின்றால், ஸ்டாரின் ஓரத்திலிருந்து சட்டத்துக்கு அது பாலம் போட முடியாத தூரம் வேண்டும். 230 வோல்ட் பக்கத்துக் கம்பிகளுக்கு நான் 5 மி.மீட்டருக்குக் குறையாமல் விடுவேன்.

பேஸ்ட் வெள்ளை நிற சிங்க் ஒக்சைட் வகை போதும். வெள்ளித் தூள் கலந்த விலை கூடியது கணினிக்கு இருக்கட்டும். அதில் சில மின்சாரம் கடத்தும். ஸ்டாரின் நடுவில் ஒரு மிளகளவு வைத்து, பழைய டெலிபோன் கார்டின் ஓரத்தால் இழுத்து விடுங்கள். உலோகம் லேசாகத் தெரிகிற மாதிரி இருந்தால் அளவு சரி. அதன்மேல் மைக்கா. மைக்காவின் மறுபக்கத்திலும் அதே மாதிரி. வைத்து அழுத்திக்கொண்டே கொஞ்சம் இடமும் வலமும் திருப்புங்கள். காற்றுக் குமிழ் வெளியே வந்து, ஸ்டார் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு இழுக்கிற உணர்வு கையில் தெரியும். அது தெரியாவிட்டால் தூக்கிப் பாருங்கள், எங்கோ மேடு இருக்கிறது.

இப்போது திருகாணி. தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஸ்டாரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு சட்டத்தில் இறங்குகிற இரும்புத் திருகாணி அதைச் சும்மா ஆக்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் தோள் வைத்த இன்சுலேட்டர் புஷ் போட வேண்டும். கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ட்ரான்சிஸ்டர் கிட்டாக மைக்காவோடு சேர்த்தே கிடைக்கும். புஷ்ஷின் தோள் ஸ்டாரின் பள்ளத்தில் உட்கார வேண்டும், தொப்பி திருகாணித் தலைக்கு அடியில் வர வேண்டும். முழு நைலோன் திருகாணியும் இருக்கிறது. ஆனால் சூட்டில் மெல்ல மெல்ல இளகித் தளரும். தலைக்கு மேலே தொங்குகிற லைட்டுக்கு அது வேண்டாம். சூடு கடத்தும் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடுவதும் அப்படித்தான்.

சாதாரண எம்3 திருகாணியின் தலை ஏறக்குறைய 5.5 மி.மீ. அகலம். ஸ்டாரில் பள்ளத்துக்கும் சால்டர் பொட்டுக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்காது. ஆறு பள்ளங்களில் பொட்டுகளிலிருந்து தள்ளி நிற்கும் எதிரெதிர்ப் பள்ளம் இரண்டைத் தேர்ந்தெடுங்கள், தலை சிறிய உருளைத் திருகாணியைப் போடுங்கள். இரண்டையும் மாறி மாறி, கால் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டு வளைந்து நடுவில் காற்று புகும். ஸ்குரூடிரைவரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குகிற பலம் போதும். நாலு துளை சி.ஓ.பி என்றால் மூலைக்கு மூலை.

கரண்ட் கொடுக்கும் முன்

டிரைவரைக் கழற்றி வையுங்கள். எல்.ஈ.டி வரிசையின் பிளஸ் மைனஸ் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனை வோல்ட் எல்.ஈ.டியையே தாக்கும். மல்டிமீட்டரின் பெரிய ஓம் ரேஞ்சில் அந்த முறுக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே பாருங்கள். "ஓ.எல்" வர வேண்டும்.

மல்டிமீட்டர் ஒரு சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. மயிரிழை இடைவெளி அதற்குத் தெரியாது. வயரிங் வேலை செய்கிற நண்பர்களிடம் மெகர் இருக்கும், கூடிய வோல்ட்டில் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர் அது. 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்தால் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும். சில மெகா ஓமில் முள் தயங்கி நின்றால் கழற்றுங்கள். பேஸ்ட்டில் அழுக்கு, மைக்காவில் வெடிப்பு, புஷ்ஷில் கிழிசல் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். மெகர் வைக்கும்போது முனைகளைக் கையால் தொடாதீர்கள், முடிந்த பிறகு கம்பிகளை ஒரு தடவை ஒன்றோடொன்று தொட்டு மிஞ்சிய மின்சாரத்தை இறக்குங்கள்.

இன்னொரு சோதனையை அந்தக் கொட்டகைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. பூச்செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் எடுத்து, டிரைவர் இல்லாத லைட்டின் மேல் புகைபோலத் தெளித்து, மறுபடி மெகர் வையுங்கள். சரி செய்ய எடுத்து வந்த என் முதல் லைட்டில், திருகாணி உரசலை நீக்கிய பிறகு காய்ந்த நிலையில் முள் முடிவிலியில் நின்றது. தண்ணீர் தெளித்ததும் ஒரு மெகா ஓமுக்குக் கீழே விழுந்தது. திறந்து கிடந்த சால்டர் பொட்டுகளிலிருந்து தண்ணீர் ஸ்டாரின் ஓரம் வழியாகச் சட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. மேசையில் வைத்து மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அது தேறிய பிறகு நன்றாகக் காயவைத்து, கம்பிகளைப் பிரித்து, டிரைவரை மாட்டி ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். மீட்டரோடு வரும், சூட்டை அளக்கும் வெப்பக் கம்பியை ஸ்டாரின் மேல், எல்.ஈ.டிக்குப் பக்கத்தில் வையுங்கள். 60 பாகைக்குள் இருந்தால் நிம்மதி. வெப்பக் கம்பி இல்லாவிட்டால் சட்டத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வைத்தால் சூடு அதிகம். விரல் வைப்பது மெகர் சோதனை தேறிய பிறகு மட்டும். ஸ்டார் சுடுகிறது, சட்டம் குளிர்ந்திருக்கிறது என்றால் தாளில் கோளாறு. இரண்டும் சேர்ந்து சுட்டால் ஹீட்சிங்க் போதாது.

எர்த்தும் பனியும்

230 வோல்ட்டில் ஓடும் டிரைவர் உள்ள உலோக லைட் என்றால் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். பூச்சைச் சுரண்டி, பல் வொஷர் போட்டு, வளைய முனையால் தனித் திருகாணியில் இறுக்குங்கள். ஸ்டாரை இறுக்கும் திருகாணியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய லயக் காம்பராக்களில் பிளக்கில் மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள். எர்த் இல்லாத இடத்துக்கு டிரைவரைக் காய்ந்த அறைக்குள் வைத்து, குறைந்த வோல்ட் கம்பியை மட்டும் வெளியே கொண்டு போவது நல்லது.

ஈரம் மழையாக மட்டும் வருவதில்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நனைக்கும். பதுளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில் வடகீழ்க் காற்று. ஆனால் லைட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மழை இல்லாத இரவுதான். விடிந்ததும் லைட்டை அணைக்கிறோம். சட்டம் குளிர்கிறது, உள்ளே இருந்த காற்று சுருங்கி, பனிமூட்டத்தை உள்ளே இழுக்கிறது. முழுவதும் மூடி அடைத்த பெட்டியிலும் எங்காவது ஓர் ஊசித் துளை வழியாக இது நடக்கும். உள்ளே போனது வெளியே வராது. அதனால் பெட்டியின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை ஒன்று வேண்டுமென்றே போட்டு விடுகிறேன். சொட்டு வடிந்து போகட்டும்.

சால்டர் பொட்டுகளையும் ஸ்டாரின் ஓரத்தையும் சிலிக்கோனால் மூடுங்கள். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோன் வேண்டாம். ட்யூபைத் திறந்ததும் வினாகிரி வாசம் அடிக்கிறதே, அந்த அமிலம் செம்புத் தடத்தைப் பச்சையாக அரித்துவிடும். "நியூட்ரல்" என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். எல்.ஈ.டியின் வெளிச்சக் குமிழில் படாமல் பூசி, ஒரு நாள் முழுவதும் திறந்தே காயவிட்டு, பிறகு மூடியைப் போடுங்கள். ஈரப் பசையோடு மூடினால் அதிலிருந்து எழும் ஆவி குமிழைப் பழுப்பாக்கும். செம்பு அடித்தட்டுள்ள சி.ஓ.பியை அலுமினியத்தில் வைத்தால் ஓரம் முழுவதும் இந்தப் பசையால் சுற்றி அடைத்துவிடுங்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும்.

இரண்டாவது தடவை கந்தப்பளைக்குக் கொண்டு போனது இந்த முறையில் செய்ததுதான்: மைக்கா, புஷ், சிறுதலைத் திருகாணி, நியூட்ரல் பசை, எர்த். ஒரு மாதம் கழித்துப் போய்த் திருகாணிகளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சூடேறிக் குளிர்ந்ததில் மூன்று திருகாணிகள் கால் சுற்று இறங்கின, மற்றவை அசையவில்லை. தண்ணீர் தெளித்து மெகர் வைத்தேன், முள் அசையவில்லை. அண்ணன் கேரட் கூடையைத் தூக்கிக்கொண்டே நிமிர்ந்து எண்ணினார். "ஒம்போதும் இருக்கு தம்பி," என்றார், "இப்ப அந்தக் கழுவுற தொட்டிக்கு மேலயும் ஒன்னு வேணும்."